வண்டி எப்படி இருக்குதுங்ணா?

"வண்டி எப்படி இருக்குதுங்ணா? வாங்கி ஓட்டுறவர் நீங்க. மனசுல பட்டதைச் சொல்லுங்க."

மாதேஷ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே கேட்டான். கிருஷ்ணப்பனுக்குச் சுருக்கென்றது. இவன் அப்பன் கோவிந்தன் முப்பது வருஷம் அவருடைய தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சியவன். மகனோ மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க ஏழெட்டு வேன் விட்டிருக்கிறான். வாய் நிறைய 'அண்ணா' என்கிறான்.

"எந்த வண்டி?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"இதாங்ணா." போர்ட்டிகோவில் பளபளவென்று நின்ற வெள்ளை எஸ்.யூ.வி.யைக் காட்டினான். "இதே மாடல் செகண்ட்ல ஒண்ணு வந்திருக்குது. எடுக்கலாம்னு ஒரு எண்ணம். வேன்னா சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிருவேன். சொகுசு வண்டி நமக்குப் புதுசு. அதான் உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு வண்டி கிருஷ்ணப்பனிடம் மட்டும்தான் இருந்தது. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்து வந்த பணத்தில் வாங்கியது. கெலமங்கலம் சந்தைப் பக்கம் போனால் கோஸ் மூட்டை ஏற்றுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். நிலம் போன பிறகு ஊரில் அவருக்கு மிச்சமிருந்த மரியாதை அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் நின்றது. அதே மாதிரி வண்டியில் கோவிந்தன் மகனும் வந்து இறங்கினால்? மாரியம்மன் பண்டிகையில் ஊரே அவனை நிமிர்ந்து பார்த்தால்?

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாதேசு, நம்ம பையனாச்சேன்னு சொல்றேன். வேணாம்."

"ஏங்ணா?"

"மைலேஜ் ஒம்போதைத் தாண்டாது."

போன மாதம் சேலம் போய் வந்தபோது பதினாலு கொடுத்த வண்டி அது.

"பின்னாடி சீட்டுல உக்கார முடியாது. முட்டி இடிக்கும்."

அவர் மனைவி நாராயணம்மா அந்த சீட்டில் ஏறினால் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவாள். தன் மூட்டுவலிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பாள்.

"டிக்கில ரெண்டு பை வெச்சா ரொம்பிரும். நம்மூர் ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும். ஒரு லைட் போனாக்கூட பெங்களூருக்கு ஓடணும். பார்ட்ஸ் வர ஒரு மாசம் ஆவும்."

ஒரு பொய்க்குத் துணையாக ஒன்பது பொய் வரிசையில் வந்து நின்றது. மாதேஷ் கையைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்பது போல் கேட்டான்.

"அந்த சன்ரூப்புங்ணா? அது நல்லாத்தானே..."

"மழை பேஞ்சா ஒழுகும்."

இதைச் சொல்லும்போது அவருக்கே நாக்குக் கூசியது. ஐப்பசி மழை கொட்டோ கொட்டென்று கொட்டியபோதும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

காபியோடு வந்த நாராயணம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. கணவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ஏம்பா நின்னுக்கிட்டே இருக்கிற? உக்காரு," என்றாள் மாதேஷிடம்.

அப்போதுதான் கிருஷ்ணப்பனுக்கு உறைத்தது. அவன் வந்து கால் மணி நேரமாகிறது. பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் சும்மா கிடந்தன. உட்கார் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

"இருக்கட்டுங்க்கா." நின்றபடியே காபியைக் குடித்தான் மாதேஷ். "அம்மாவுக்கு முடியலைங்க்கா. வாரத்துல ரெண்டு வாட்டி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். வேன்ல தூக்கித் தூக்கிப் போடுது, வலி தாங்க மாட்டேங்குது. அதுக்கோசரம்தான் இந்த மாதிரி வண்டியாப் பார்த்தேன்."

அவன் அம்மா செல்வம்மாளும் அவர் தோட்டத்தில் களை எடுத்தவள்தான். கிருஷ்ணப்பனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. பாழாய்ப்போன கௌரவம் வந்ததை விழுங்க வைத்தது.

"நல்ல வேளைங்ணா, உங்களைக் கேட்டேன்," என்று கும்பிட்டுவிட்டுப் போனான் மாதேஷ்.

வேன் தெருமுனை திரும்பும் வரை நாராயணம்மா காத்திருந்தாள். "அவன் என்னா கெட்டது பண்ணான் நமக்கு? ஆத்தாக்காரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி கேக்கறான். அவன்கிட்ட எதுக்குங்க இத்தினி பொய்?"

கிருஷ்ணப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவமானமாக இருந்தது.

செல்போன் அடித்தது. ஓசூரில் பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் பிரதாப். யானையைக் கட்டித் தீனி போட்டு மாளாமல், ஊருக்குத் தெரியாமல் இந்த வண்டியை விற்றுத் தரச் சொல்லி மூன்று மாதமாகக் கிருஷ்ணப்பன் நம்பியிருந்தது அவனைத்தான்.

"அண்ணா, கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன்னு சொன்ன பார்ட்டி இப்ப வேணாங்கறாருங்ணா."

"ஏன்? நேத்து முடிஞ்ச மாதிரின்னு சொன்னியே?"

"போட்டோவுல நம்பரைப் பார்த்ததுமே உங்க வண்டின்னு தெரிஞ்சுக்கிட்டாராம். தான்தான் வாங்கறதுன்னு தெரிஞ்சா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு உங்ககிட்ட பேரைக்கூடச் சொல்ல வேணாம்னார். நேர்ல வந்து பக்குவமாப் பேசி, அட்வான்ஸை உங்க கையிலயே குடுக்கறேன்னு காலைல கெளம்பி வந்தார். இப்பத்தான் போன் பண்றார். 'அவரு நெனச்சிருந்தா அந்த வண்டிய என் தலையில கட்டியிருக்கலாம் பிரதாப்பு, ஒரு கொறையை மறைக்காம எல்லாத்தையும் சொல்லி அனுப்பினாரு, இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையான மனுசன் எங்க இருக்காரு'ன்னு ஒரே கண்ணீருங்ணா!"