ஏழாம் பாரம்

இயந்திரம் நின்றது.

அவள்தான் நிறுத்தச் சொன்னாள்.

மேசை மேல் ஏழாம் பாரத்தின் முதல் தாள், மை வாசனையோடு விரிந்து கிடந்தது. ஒரு பாரம் என்றால் ஒரே தாளில் எட்டுப் பக்கங்கள். நான்கு நேராக, நான்கு தலைகீழாக. ஓர் ஓரத்துப் படத்தில் ஒரு பெண், குனிந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் வண்ண ஓவியங்களும் கரிக்கோல் சித்திரங்களும் அடங்கிய புத்தகம். பதிப்பகம் மூன்று வருடம் அலைந்து அனுமதி வாங்கியது. படங்களுக்கு அவள் பொறுப்பு. தனியாக அவளை நம்பி சிவகாசிக்கு அனுப்பியது இதுதான் முதல் முறை.

அச்சு இயந்திரத்தை ஓட்டும் இருளப்பன் சற்றுமுன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டிருந்தார்.

"ஏம்மா, இந்தப் பொம்பள நொட்டாங்கையால தைக்குதே. படம் இடம் வலமா பொரண்டிருச்சோ?"

ஊசி இடது கையில்தான் இருந்தது.

சென்னையில் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தாள். மூன்று முறையும் இந்தப் பக்கத்தில் கண் இடறவே இல்லை.

எப்படி இடறும்? அவளும் அப்படித்தான் தைப்பாள். வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.

போன வருடம் வேறொரு புத்தகத்தில் ஒரு கோயில் கோபுரப் படம் புரண்டு அச்சாகிவிட்டது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் இப்போது பதிப்பகத்தில் இல்லை. அவருடைய நாற்காலியில்தான் இவள் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த ஒரு படம் புரண்டிருந்தால் மற்றப் படங்களை யார் நம்புவார்கள்? ஏற்கெனவே ஆறு பாரம் ஓடி முடிந்து அடுக்கில் இருந்தது.

ஓவியர் படத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருப்பார். அது நேராக இருந்தால் படமும் நேர். ஆனால் புத்தகப் பக்கத்தில் அந்த மூலை இல்லை. பக்க எண் வைப்பதற்காக அவளே வெட்டியிருந்தாள். சமர்த்து!

மடிக்கணினியைத் திறந்தாள். அருங்காட்சியகம் அனுப்பிய முழுப்படம். பெரிய கோப்பு. மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

தலைமுடி.

கழுத்து.

குனிந்த தோள்.

ஊசி. இங்கும் இடது கைதான். ஆனால் அது போதாது. அவர்கள் அனுப்பியதே புரண்டிருந்தால்?

மடியில் கிடந்த துணி.

பிறகு மூலை.

நான்கே எழுத்து. அவசரத்தில் இழுத்த கையெழுத்து. இடமிருந்து வலமாக, நேராக.

"புரளலண்ணே," என்றாள். "இந்தம்மா இடதுகைக்காரி. அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

இருளப்பன் நம்பிக்கை வராதவர்போலக் குனிந்து திரையைப் பார்த்தார். நூறு வருடத்துக்கு முன்னால், அந்த ஊரில், யாரும் அந்தப் பெண்ணின் கையைத் திருத்தவில்லை. வரைந்தவரும் திருத்தவில்லை.

"சரி, அப்ப கையெழுத்துப் போடுங்க. ஓட்டிருவோம்."

ஒவ்வொரு பாரத்திலும் முதல் நல்ல தாளில் அவள் கையெழுத்திட வேண்டும். அது இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும். அதைப் பார்த்துத்தான் மீதித் தாள் எல்லாம் ஓடும். முதல் ஆறு தாளும் ஆணியில் தொங்கின. ஆறிலும் அவள் வலது கையால் போட்ட கையெழுத்து, எழுத்துப் பழகும் பிள்ளை போட்டதுபோலக் கோணிக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்துப் பழக்கிய கை. கல்யாணப் பதிவேட்டில்கூட, "வலது கையில போடும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று மாமா காதோரம் சொன்னார்.

பேனாவை வலது கையால் வாங்கினாள்.

இடது கைக்கு மாற்றினாள்.

ஒரே இழுப்பு. முடிந்துவிட்டது.

இருளப்பன் தாளை எடுத்துப்போய் ஆறாவது தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துளி நிற வித்தியாசத்தையும் விடாத கண்.

"மத்த ஆறுலயும் வேற மாதிரில்ல இருக்கு?"

"அதெல்லாம் தப்பா விழுந்ததுண்ணே."

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். தைக்கும் பெண்ணின் கையைப் பார்த்தார்.

ஏழாவது தாளை மற்ற ஆறுக்கும் முன்னால் மாட்டிவிட்டு, இயந்திரத்தை ஓட்டினார்.