கரண்டை நிறுத்தச் சொன்னவள்

“சார், ஒரு தெருவுக்குக் கரண்டை நிறுத்தணும். இப்பவே.”

மின்வாரியப் புகார்ப் பிரிவில் இருந்த பெரியவர், ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். விநோதமான அழைப்புகள் அவருக்குப் புதிதல்ல. பக்கத்து வீட்டுக்காரன் தன் வீட்டுக் கரண்டை ஜன்னல் வழியாக உறிஞ்சுகிறான் என்று காலையில்தான் ஒருவர் புகார் செய்திருந்தார். ஆனால், நிறுத்தச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

“கரண்ட் வரலைன்னுதாம்மா எல்லாரும் திட்டுவாங்க. நீங்க யாரு?”

“அதெல்லாம் வேணாம் சார். தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி புதுசா வந்த குறுக்குத்தெரு. கொஞ்ச நேரம் நிறுத்தினா போதும்.”

“ஒயர் அறுந்து கிடக்கா? தீப்பிடிச்சிருக்கா?”

“இல்ல சார்.”

“அப்போ முடியாது. காரணமில்லாம ஒரு பல்பைக்கூட அணைக்க எனக்கு அதிகாரம் இல்ல.”

அலுவலகத்தில் அவருக்குச் ‘சட்டம்’ என்றே பெயர். அமைச்சர் வீட்டிலிருந்து பேசினாலும் வரிசைப்படிதான் ஆள் அனுப்புவார்.

பக்கத்து இருக்கைப் பெண் கிசுகிசுத்தாள். “திருட்டுக் கும்பலா இருக்கும் சார். போலீசுக்குச் சொல்லிடுங்க.”

அவருக்கும் அதே சந்தேகம்தான். “காரணம் சொல்றீங்களா, போலீசைக் கூப்பிடவா?”

எதிர்முனைக் குரல் உடைந்தது. “நான் ஆஸ்பத்திரி நர்ஸ் சார். பாலம் கட்டுற இடத்துல சாரம் சரிஞ்சு ஏழெட்டுப் பேரைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. டிவிக்காரங்க எல்லார் முகத்தையும் படம் பிடிச்சுட்டாங்க. எந்த நிமிஷமும் காட்டிடுவாங்க. அதுல ஒருத்தரோட சம்சாரம் அந்தத் தெருவுல இருக்காங்க. நிறைமாசம், ரத்தக்கொதிப்பு வேற. வீட்ல டிவி ஓடிக்கிட்டே இருக்குமாம். அவரோட சிநேகிதர் நேர்ல போய்ப் பக்குவமா சொல்லக் கிளம்பியிருக்காரு. அவர் போய்ச் சேர்ற வரைக்கும்தான் சார்.”

பெரியவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். “துணைக்கு யாருமில்லையா? மாமனார், மாமியார்?”

“இருக்காங்க. உள்ளூர்லதான். எட்டிக்கூடப் பார்க்கிறதில்லையாம்.”

“நிறைமாசப் பொண்ணைத் தனியா விட்டுட்டு... மனுஷங்களாம்மா அவங்க? சரி, அடிபட்டவர் பேரு?”

“பேரு மட்டும் வேணாம் சார். சொன்னா காரியம் கெட்டுடும்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு லைன்மேனுக்குப் போன் போட்டார். “தண்ணித்தொட்டிக் குறுக்குத்தெருவை நிறுத்துப்பா. மரக்கிளை ஒயர்ல உரசுதாம். நான் சொல்ற வரைக்கும் போடாதே.”

அவர் வாயிலிருந்து பொய் வந்து பக்கத்து இருக்கைப் பெண் கேட்டதில்லை. வாயைப் பிளந்தபடி பார்த்தாள்.

அடுத்த நிமிடத்திலிருந்து தொலைபேசிகள் அலறின. மாவு பாதி அரைத்துக் கிடக்கிறது என்றார்கள். லிஃப்டில் பூனை மாட்டிக்கொண்டது என்றார்கள். அதிகாரி தன் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

“யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?”

“என் பொறுப்பு சார்.”

“மெமோ வரும்.”

“வரட்டும் சார்.”

சொல்லிவிட்டாரே தவிர, சந்தேகம் விடவில்லை. நிஜமாகவே திருடர்களாக இருந்தால்? ஃபேன் இல்லாத புழுக்கத்தில் அந்த நிறைமாதப் பெண் மயங்கி விழுந்தால்? சிநேகிதர் போய்ச் சேர்வதற்குள் வேறு எவனாவது வாசலில் நின்று போட்டு உடைத்துவிட்டால்? போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் கை ரிசீவருக்குத் தாவியது. எதுவும் அந்தக் குரல் இல்லை.

கடைசியில் வந்தது.

“சார், சிநேகிதர் பதமா சொல்லிட்டாராம். அழுதாங்களாம். ஆனா தாங்கிட்டாங்க. இங்கயே கூட்டிட்டு வராரு. அடிபட்டவருக்கும் உயிருக்கு ஆபத்தில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். லைன்மேனுக்குத் தகவல் சொல்லும்படி பக்கத்துப் பெண்ணுக்குச் சைகை காட்டினார்.

“நல்லதும்மா. ஆமா, கரண்டை நிறுத்தச் சொல்லலாம்னு யாருக்குத் தோணுச்சு? உனக்கா?”

“அடிபட்டவருக்குத்தான் சார். வலியில துடிச்சுக்கிட்டே சொன்னாரு. அவங்க அப்பா உங்க ஆபீஸ்லதான் இருக்காராம். பிடிக்காத கல்யாணம்னு பிள்ளையைத் தலைமுழுகினவராம். புகார் போனைப் பெரும்பாலும் அவர்தான் எடுப்பாராம். ‘என் பேரைக் கேட்டா பேசாம போனை வச்சிடுவாரு சிஸ்டர், பேரை மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. நல்லவேளை, அவர் எடுக்கல. நீங்க எடுத்தீங்க.”