ஷீப்புக்குப் பன்மை

பூவாயி என்ற செம்மறியாட்டின் குட்டி மூன்றாம் வகுப்பு படித்தது. ஒரு சாயங்காலம் அது இங்கிலீஷ் புத்தகத்தோடு தாயிடம் வந்து உட்கார்ந்தது. மறுநாள் பரீட்சை.

"ஒண்ணா இருந்தா ஷீப். நிறைய இருந்தா என்னம்மா?"

பூவாயிக்குப் பகீரென்றது. அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி, பக்கத்துப் பட்டி வெள்ளாட்டிடம் ஓடினாள்.

"எம்புள்ள கோட்டுக்குக் கோட்ஸ்னு எழுதி மார்க் வாங்கிருச்சு," என்றது வெள்ளாடு. "இதுக்கு மட்டும் வேறயாவா இருக்கும்?"

பூவாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குட்டியிடம் வந்து, "ஷீப்ஸ்," என்றாள்.

"டீச்சர் வேற மாதிரி சொன்ன ஞாபகம்மா."

"நாலு பேர் சேர்ந்தா பேர் மாறாம இருக்குமா? எழுது கண்ணு."

குட்டி அம்மாவை நம்பி அப்படியே எழுதியது.

மறுநாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. நாரை டீச்சர் அதன் பதிலை உரக்கப் படிக்க, வகுப்பே சிரித்ததாம்.

"ஒண்ணா இருந்தாலும் ஷீப்தான், நூறா இருந்தாலும் ஷீப்தான். ஷீப்னா யாரு தெரியுமாம்மா? நாமதான். நம்ம பேரையே தப்பாச் சொல்லிக் குடுத்துட்ட."

பூவாயி அதை நக்கிக்கொடுக்கப் போனாள். குட்டி விலகிக்கொண்டது.

அன்றைக்கும் வீட்டுப்பாடம் இருந்தது. பூவாயி பக்கத்தில் போய் மெல்ல எட்டிப் பார்த்தாள். குட்டி முன்னங்காலால் புத்தகத்தை மறைத்துக்கொண்டது.