ஹெல்மெட் உறையில் ஒரு கறை

"இது ரத்தம்தான் மேடம். சந்தேகமே இல்லை" என்றார் பழைய போர்ப்பொருள் வியாபாரி கிஸ்லேன்.

ஓடில் அந்தக் கறையை எட்டிப் பார்த்தாள். செத்துப்போன அம்மாவின் வீட்டுப் பரணில் கிடந்த இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஹெல்மெட் உறை அது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, விற்றால் செலவுக்கு ஆகுமே என்று பெல்ஜியத்தின் பாஸ்டோன் ஊரில் நடக்கும் போர்ப்பொருள் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

கிஸ்லேன் வாயில் 'அசல்' என்ற சொல் லேசில் வராது. காலையிலிருந்து போலி உறையோடு வந்த நாலு பேரை, "தலையணைக்குப் போடுங்க" என்று திருப்பி அனுப்பியிருந்தார். இதை மட்டும் அரை மணி நேரமாக விடவில்லை. ஒரு பக்கம் வசந்தகாலப் பச்சை. திருப்பினால் இலையுதிர்காலப் பழுப்பு. ஓரத்தில் கொக்கிகள். தழை செருகத் துணி வளையங்கள்.

நீல விளக்கை அடித்துப் பார்த்தார்.

"புது நூலா இருந்தா மின்னிக் காட்டிக் கொடுத்திடும். இது அசல். கறையைப் பாருங்க ஜோரிஸ், நெத்திப் பக்கம். குண்டு இங்கதான் பட்டிருக்கணும்."

"ஓட்டையைக் காணோமே" என்றார் பக்கத்துக் கடை ஜோரிஸ்.

"கீழேயிருந்து பாய்ஞ்சிருக்கும்."

ஜோரிஸ் தொப்பியைக் கழற்றினார். "பதினெட்டு வயசு இருக்குமா?"

"அதுகூட இருக்காது. பனியில கிடந்து அம்மாவைக் கூப்பிட்டிருப்பான்." கிஸ்லேன் கறையை விரலால் தடவினார். "அறுபதாயிரம் பிராங்க் தரேன் மேடம். இதுக்குப் போய் பேரம் பேச மனசு வரலை."

ஓடிலுக்கு மனசு கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தி போன உயிருக்கு இப்படி உருகுகிறார்களே.

"வருத்தப்படாதீங்க. அவர் சாகலை" என்றாள்.

"யாரு?"

"இந்த உறைக்காரர். எனக்கு அப்போ எட்டு வயசு. படையை விட்டு ஓடிவந்து எங்க மாட்டுக் கொட்டகையில ஒளிஞ்சிருந்தார். அம்மா சூப் கொடுத்து, அப்பாவோட கால்சட்டையைப் போடவெச்சு அனுப்பினாங்க. இதை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டார். அம்மா பத்து வருஷம் இதுலதான் செர்ரிச் சாறு வடிகட்டினாங்க. அதான் கறை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம்பவில்லையோ என்று நினைத்து, ஓடில் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள்.

"இப்போ ஜெர்மனியில காசெல் பக்கம் ரொட்டிக்கடை வெச்சிருக்கார். ஏழு பேரப் பிள்ளைங்க. கிறிஸ்துமஸ் தவறாம கார்டு வந்துடும்."

போட்டோவில் மாவு படிந்த கையோடு ஒரு குண்டு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜோரிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு தன் கடைக்குப் போய்விட்டார்.

கிஸ்லேன் போட்டோவையே கொஞ்ச நேரம் பார்த்தார். உறையை மெதுவாக மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் இப்போதுதான் நிஜமான துக்கம் தெரிந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். ஆள் உயிரோட இருந்தா பாதி விலைதான்."