நடுக்கம் நின்ற கை

"கையை நீட்டுங்க ஐயா" என்றார் டாக்டரம்மா.

அப்பா இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்கள் அசையாமல் நின்றன.

டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நடுக்க நோய்க்குத் தான் எழுதிக் கொடுத்த மாத்திரை இவ்வளவு நன்றாகக் கேட்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. முதல் தடவை வந்தபோது ஒரு தம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக இந்தக் கையால் முடியவில்லை.

"வேற ஏதாவது மாற்றம் தெரியுதா?"

அப்பா தரையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த மகன் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தான்.

எதைச் சொல்வது? எந்த வாயால் சொல்வது?

அப்பா லேடீஸ் டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. தெருவில் எந்த அம்மாவும் பெண்ணைத் தனியாகவே அளவு கொடுக்க அனுப்பி வைப்பாள். டேப்பில் இருக்கும் எண்களைவிட்டு அவர் கண் நகராது. "அவரா? நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாரே!" கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, அந்தப் பேச்சுதான் பலகை.

கை நடுங்க ஆரம்பித்ததும் தானாகவே ஷட்டரை இறக்கிவிட்டார். மாத்திரை வேலை செய்து, ஊசியில் நூல் கோத்துக் காட்டிய அன்று வீடே கைதட்டியது. மறுபடி கடை திறந்தார்.

முதலில் மருமகள்தான் கவனித்தாள். அவள் எழுந்தால், குனிந்தால், மாமனாரின் பார்வையும் கூடவே வந்தது. சேச்சே, நமக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகொரு நாள் அவர் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்துவிட்டாள். மென்று விழுங்கிக் கணவனிடம் சொன்னாள். கணவன் அவள்மேல்தான் பாய்ந்தான்.

அடுத்து, அதே தெருவில் இருக்கும் ஓர் ஆசிரியை. பள்ளிச் சீருடை நாளிலிருந்து அவரிடமே தைத்துக்கொள்பவள்.

டேப் நின்ற இடத்தில் அவர் கை நிற்கவில்லை.

அவள் கத்தவில்லை. கொண்டுவந்த துணியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் படியிறங்கிப் போனாள். அவளுடைய அம்மா வந்து வாசலில் நின்று கேட்டபோதுதான் தெருவுக்கே தெரிந்தது.

"இத்தனை வருஷமும் இப்படித்தான் அளவெடுத்தீங்களா?" என்று அத்தனை பேர் முன்னாலும் மகன் கத்தினான்.

அப்பா மறுநாள் ஆசிரியையின் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அவர் அறைக்கே போகிறது. தாத்தா மடியைவிட்டு இறங்காத பேத்தியை இப்போது அந்தப் பக்கம் விடுவதில்லை. ஏன் என்று அவள் கேட்கிறாள்.

"வேற ஒண்ணுமில்ல டாக்டர்" என்று மகன் எழுந்தான்.

அப்பா எழவில்லை.

"இந்த மாத்திரை எனக்கு வேண்டாம்மா. கை நடுங்கினா நடுங்கிட்டுப் போகட்டும்." இப்போது குரல் நடுங்கியது. "என் புத்தி என்கிட்ட இல்லம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மகள் வயதுள்ள ஒரு பெண்ணிடம், பெற்ற மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசை விளிம்பைப் பார்த்தபடி, தட்டுத் தடுமாறி, எதையும் மறைக்காமல். அந்த ஆசிரியை யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இது உங்க குணம் இல்ல ஐயா. மாத்திரையோட பக்க விளைவு. சில பேருக்கு ஆசையைக் கட்டுப்படுத்த முடியாமப் போயிடும்."

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றலாம் என்றார். பெரும்பாலும் சரியாகிவிடுமாம். ஆனால் பயந்துபோய்த் தானாகச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, அதுவும் ஆபத்து என்றார்.

அப்பா முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மகன் அவர் முதுகைத் தொடக் கையை நீட்டினான். தொடாமலே எடுத்துக்கொண்டான்.

டாக்டரம்மாவின் குரலில் கோபம் இல்லை. ஆற்றாமைதான் இருந்தது.

"முதல் நாளே சொல்லியிருந்தேனே. நடத்தையில கொஞ்சம் வித்தியாசம் தெரிஞ்சாலும் உடனே வாங்கன்னு. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

மகனுக்கு உள்ளங்கால் வரை கூசியது.

அப்பா கைகளை இறக்கினார். அவன் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"சொன்னீங்கம்மா. எனக்குத்தான் மறந்துபோச்சு."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டுப் புது மாத்திரையை எழுத ஆரம்பித்தார். எத்தனையோ நோயாளிகள் வருகிற இடம். யாரை உட்கார வைத்து எதைச் சொன்னோம் என்று அவருக்கு எப்படி நினைவிருக்கும்?

அந்த முதல் நாளில் அப்பா அறையிலேயே இல்லை. எடை பார்க்க நர்ஸ் வெளியே கூட்டிப் போயிருந்தாள். மகனை மட்டும் வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா தயங்கித் தயங்கி இந்தப் பேச்சை எடுத்தார்.

அவன் பாதியிலேயே சிரித்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

"எங்க அப்பா அப்படிப்பட்டவர் இல்ல டாக்டர்."