பஞ்சு போட்ட சத்தம்

மூச்சுத்திணறலோடு வார்டில் படுத்திருந்த செண்பகவல்லியின் மணிக்கட்டில், நாடி துடிக்கிற இடத்தில் குத்தி, பயிற்சி டாக்டர் ரத்தம் எடுத்தார். சிரிஞ்சுக்குள் ரத்தம் தானாகவே குபுகுபுவென்று ஏறியது. ஊசியை உருவியதும் காயத்தில் ஒரு பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டு அவர் எழுந்துகொண்டார்.

“எங்கே கிளம்பிட்டீங்க?” என்று பஞ்சு கத்தியது. “இது தமனி! அஞ்சு நிமிஷமாவது விரலால அழுத்திப் பிடிக்கணும். நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?”

டாக்டர் காதில் அது விழவில்லை. அவர் கையிலிருந்த சிரிஞ்சின் காதில் விழுந்தது.

“ரத்தம் கிடைச்சாச்சு. லேப்ல எனக்காகக் காத்திருக்காங்க. கசியறதைத் துடைக்கத்தானே உன்னை வச்சிருக்கு? பேசாம கிட!”

“கிடைச்சது உனக்கு! கொடுத்தவளைத் திரும்பிப் பார்த்தியா? தோலுக்கடியில ரத்தம் கட்டுதுடா, கண்ணில்லாதவனே!”

பஞ்சு நனைந்து கனத்தது. மணிக்கட்டு எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. செண்பகவல்லி வலி தாளாமல், இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, “டாக்டர், என் கையைப் பாருங்க!” என்று கூப்பிட்டாள்.

வாசல்வரை போயிருந்த டாக்டர் திரும்பினார். பார்த்ததும் முகம் வெளுத்தது. ஓடிவந்து பஞ்சின்மேல் விரல்களை வைத்து அழுத்தினார்.

“நேரமாகுது! எனக்குள்ள இருக்கிறது கெட்டுப்போயிடும்!” என்று சிரிஞ்சு பதறியது. டாக்டர் அதை நர்ஸிடம் நீட்டி, “நீங்க லேபுக்குக் கொண்டுபோங்க” என்றார்.

பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, “ரொம்ப அழுத்தறேனாம்மா?” என்று கேட்டார்.

“வலிக்குது” என்றாள் செண்பகவல்லி. “ஆனா இந்தத் தடவை விட்டுட்டுப் போயிடாதீங்க.”