முப்பத்தெட்டு சதவீதம்

நாற்பத்தெட்டு மணி நேரம் வெந்நீரில் ஊறிய துணி. ஆறு மணி நேரம் ஓவனில் காய்ந்தது.

அவள் இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தாள். கண்ணாடிக் கதவை மூடினாள்.

நூற்று ஆறு மில்லிகிராம்.

செவ்வாய்க்கிழமை நூற்று முப்பத்தெட்டு இருந்தது.

அது அவள் துணி அல்ல.

காமா கதிர் பட்டால் துணியின் பிளாஸ்டிக் இழையில் இடம் திறக்கும். அந்த இடத்தில் அமிலத்தின் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேர் பிடிக்கும். நூறு பங்கு துணிக்கு எத்தனை பங்கு பிடித்தது என்பதுதான் கணக்கு.

பிடிக்காதவையும் உண்டு. தமக்குள்ளேயே கோத்துக்கொண்டு, கஞ்சியாகி, இழைகளுக்கு நடுவே சும்மா ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும்.

போகும்வரை எடையில் இருக்கும்.

ஒன்பது முறை செய்துவிட்டாள். ஒன்பது முறையும் ஆறு சதவீதம்.

முன்பு இதே வேலையைச் செய்து பட்டம் வாங்கிய ஜெனோவாவின் ஆய்வேட்டில் முப்பத்தெட்டு. அதே துணி. அதே அமிலம். கழுவிய நேரமும் அதே நாற்பத்தெட்டு என்றுதான் அச்சாகியிருந்தது.

"அவ கையில வந்தது உன் கையில ஏன் வரல?" என்று சார் எல்லோர் முன்னாலும் கேட்டார். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று வருடம் வீணாக்கியவளை யார் எடுத்துக்கொள்வார்கள்?

போகும்போது பீக்கரை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் எதுக்கும்மா ஊற வைக்கிற?"

அவள் அமிலத்தைச் சந்தேகித்தாள். புதுப் புட்டி திறந்தாள். காற்றை வெளியேற்ற விடும் நைட்ரஜனைச் சந்தேகித்தாள். பிறகு தன் கையை.

பிறகு, அலமாரியில் ஜெனோவாவின் பழைய மாதிரிகள் இருந்த உறையைத் திறந்தாள்.

துணி கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்திருந்தது. மடக்கியபோது மொறுமொறுத்தது.

ஒரு துண்டு வெட்டினாள். சரியாக நூற்று முப்பத்தெட்டு வரும்வரை ஓரத்தைச் சீவினாள். வெந்நீரில் போட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நூற்று ஆறு.

கதவு திறந்தது. ஜெனோவா. அடுத்த வாரம் கொரியா போகிறாள். கையில் இனிப்புப் பெட்டி.

"என்னடி, சலவைக்கடை இன்னும் மூடலையா?"

அவள் தராசு தெரியும்படி நகர்ந்து நின்றாள்.

ஜெனோவா எண்ணைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த உறையில் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

பெட்டியை மேசையில் வைத்தாள்.

"எத்தனை மணி நேரம் கழுவினீங்கக்கா?"

ஜெனோவா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எதிரே சார் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எனக்கும் ஆறுதான்டி வந்துச்சு. பதினோரு தடவை. அப்புறம் ஒரு நாள் சார் வந்து பீக்கரைப் பார்த்தாரு. இவ்வளவு நேரம் எதுக்கும்மா ஊற வைக்கிறன்னு கேட்டாரு."

தராசின் எண் அசையவில்லை.

"அதுக்கப்புறம் நான் கழுவவே இல்ல."